14 அடிப் படகுக்கு எத்தனை ஹெச்.பி.?

பிளைவுட்டில் வீட்டிலேயே படகு கட்டுகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை ஹெச்.பி. போடப்போறீங்க?" என்பதுதான். பைக்குக்கு சி.சி. கேட்டுக் கேட்டுப் பழகிய நாக்கு. தண்ணீரில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் படகின் நீளம், அப்புறம் அடிப்பாகத்தின் வடிவம், அப்புறம் ஆளும் சாமானும் சேர்ந்த எடை. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் இன்ஜின் தானாக வந்து நிற்கும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். தெரிந்தவர் ஒருவர் 9.9 ஹெச்.பி. அவுட்போர்டு (படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜின்) ஒன்றை மலிவாகக் கொடுக்கிறார் என்று முதலில் அதை வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கொரு படகு கட்டினேன். மூக்கணாங்கயிறை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மாட்டுக்கு அலைந்த கதை. கீழே வரும் கணக்கெல்லாம் அந்த 14 அடிப் படகை வைத்துத்தான்.

கணக்குக்குப் போகும் முன் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். காற்றில்லாத காலையில் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீரைப் பிளக்கும் இடத்தில் ஒரு முகடு எழும்பும். அதை ஒட்டிப் பலகை ஓரமாக ஒரு பள்ளம், அடுத்து இன்னொரு முகடு. 3 நாட் வேகத்தில் முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே சுமார் 5 அடி இருக்கும். (மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ., போனால் அது ஒரு நாட்.) வேகத்தை 4 நாட் ஆக்கினால் அந்த இடைவெளி 9 அடியாக நீளும். படகோடு கூடவே வரும் அலை படகின் வேகத்திலேயே ஓடியாக வேண்டும். ஆழமான தண்ணீரில் வேகமாக ஓடும் அலை நீளமாகத்தான் இருக்கும், குட்டையான அலையால் வேகமாக ஓட முடியாது.

எங்கள் படகு 14 அடி என்றாலும் தண்ணீரைத் தொடும் நீளம் 13 அடிதான். 4.8 நாட் வந்ததும் அலையின் நீளமும் 13 அடி ஆகிவிடுகிறது. அணியத்தில் ஒரு முகடு, பின்பலகையில் ஒரு முகடு, நடுவில் பள்ளம். இதற்கு மேல் திராட்டிலைத் திருகினால் பின்முகடு படகை விட்டு நழுவிப் பின்னால் போய்விடும். பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும். அணியம், தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறத் தொடங்கும். மேட்டில் சைக்கிள் மிதிப்பது மாதிரிதான், ஆனால் இங்கே மிதிக்க மிதிக்க மேடும் சேர்ந்து செங்குத்தாகிறது.

இந்த எல்லையைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தண்ணீர்க்கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். மீட்டரில் அளந்தால் 2.43-ஆல் பெருக்க வேண்டும். 13 அடிக்கு 4.8 நாட், மணிக்கு 9 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. காலையில் மெல்ல ஓடிப் பழகுகிறவர் கரையோரமாக உங்கள் கூடவே வந்துவிடுவார்.

இந்த அறிவுக்குக் காரணமானவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1867-ல் டார்ட் ஆற்றில் ஸ்வான், ரேவன் என்று இரண்டு மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்தார். ரேவனுக்குக் கூர்மையான முனை, ஸ்வானுக்கு மொத்தையான முனை. கூர்மையானதுதான் எப்போதும் ஜெயிக்கும் என்பது அன்றைய பெரியவர்களின் நம்பிக்கை. வேகத்தைக் கூட்டியபோது ஸ்வானுக்குத்தான் தண்ணீரின் எதிர்ப்பு குறைவாக இருந்தது. அப்புறம் 1870-களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் கடற்படை கொடுத்த பணத்தில், டார்க்கி ஊரில் தன் வீட்டருகிலேயே ஒரு நீளமான தொட்டி கட்டி மாதிரிகளை இழுத்தார். தண்ணீர் உராய்வது ஒரு செலவு, அலை எழுப்புவது இன்னொரு செலவு, இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று அவர் காட்டியதுதான் இன்றைக்கும் கப்பல் கட்டுபவர்களின் அரிச்சுவடி. மெதுவாகப் போகும்போது உராய்வு தின்கிறது. 4.8 நாட் பக்கம் வரும்போது அலை தின்கிறது.

சரி, அந்த எல்லைவரை போக எவ்வளவு சக்தி வேண்டும்? ஆச்சரியமாகக் கொஞ்சம்தான். மொத்த எடையில் சுமார் 225 கிலோவுக்கு ஒரு ஹெச்.பி. போதும். எங்கள் படகில் மூன்று பேர் உட்கார்ந்தால் மொத்தம் 436 கிலோ, ஆக 2 ஹெச்.பி. எதிர்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கொஞ்சம் கையிருப்பு வைத்தால் 2.5 ஹெச்.பி. ஒரு கையால் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய இன்ஜின் அது. காயலில் மீன் பிடிக்கவும், சாயங்காலம் குடும்பத்தோடு ஒரு சுற்று போய்வரவும் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இன்னும் ஒரு நாட் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் இந்த வேகங்களில் சக்தி வேகத்தின் மும்மடிப்படியாவது ஏறுகிறது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் ஆதித்யா என்ற சூரிய மின்படகு இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனம் காட்டியது. 20 மீட்டர் நீளப் படகுக்கு எல்லை 10.9 நாட். அது அதில் பாதியை ஒட்டிய வேகத்திலேயே ஓடுகிறது. அதனால்தான் கூரைமேல் விழும் வெயிலை நம்பி 75 பேரை ஏற்றிக்கொண்டு போக முடிகிறது. சொந்தப் படகுக்கு மின்மோட்டார் யோசிப்பவர்கள் இந்தப் பக்கத்தோடு நின்றுவிடலாம். இனி வரப்போவதெல்லாம் பெட்ரோல் விவகாரம்.

எல்லையைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. குளக்கரையில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கவாட்டில் வீசினால் அது தத்தித் தத்திப் போகுமே, அதுதான். தண்ணீரை விலக்கிக்கொண்டு போவதை விட்டுவிட்டு, தண்ணீரின் மேலே ஏறிச் சறுக்கிப் போவது. படகுக்காரர்கள் இதை பிளேனிங் என்கிறார்கள். அடிப்பாகம் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் படகை மேலே தூக்குகிறது. எடையில் பெரும்பகுதியை மிதப்பு தாங்காமல் இந்தத் தள்ளல் தாங்கத் தொடங்கியதும் நனையும் பரப்பு குறைகிறது, அலை மேடு பின்னால் போய்விடுகிறது, இன்ஜினின் முனகல் நின்று குரல் மாறுகிறது. அந்தக் குரல் மாறும் நொடிக்காகத்தான் பலரும் இன்ஜின் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

13 அடித் தண்ணீர்க்கோட்டில் இந்தச் சறுக்கல் 9 முதல் 11 நாட் வேகத்தில்தான் ஒழுங்காகத் தொடங்கும். இந்தப் பக்கம் 4.8, அந்தப் பக்கம் 10. நடுவில் கிடக்கும் ஐந்து நாட்தான் வீட்டில் படகு கட்டுகிறவர்களின் காசு காணாமல் போகும் இடம். 2.5 ஹெச்.பி. இருந்த இடத்தில் 6 ஹெச்.பி. மாட்டினால் என்ன கிடைக்கும்? ஏறக்குறைய 7 நாட். இரண்டு மடங்குக்கு மேல் சக்தி கூட்டி, கூடியது இரண்டு நாட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். அதுவும் அணியத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு, பின்னால் பள்ளம் தோண்டிக்கொண்டு. 6 ஹெச்.பி. மோசமான இன்ஜின் என்று சொல்லவில்லை. இந்தப் படகுக்கு, இந்த எடைக்கு, அது இரண்டும் கெட்டான்.

சறுக்கலுக்குள் வந்துவிட்டால் வேறொரு சூத்திரம். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஜார்ஜ் கிரவுச் தந்தது. 1924, 1925 இரண்டு வருடமும் அங்கே கோல்டு கப் பந்தயத்தை ஜெயித்த பேபி பூட்லெக்கர் அவர் வரைந்த படகுதான், ஆகவே வேகத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. அவர் கணக்கு பவுண்டில் இருக்கும். கிலோவுக்கு மாற்றினால் நமக்கு அதிர்ஷ்டவசமாக ஒரு முழு எண் கிடைக்கிறது. ஒரு ஹெச்.பி.க்கு எத்தனை கிலோ என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 100-ஐ வகுங்கள். வருவது நாட் கணக்கில் வேகம். சாதாரண சிறு படகுக்கு 100, மிக லேசான பந்தயச் சாதிப் படகுக்கு 125 வரை போகலாம். நம் வீட்டுப் படகுக்கு 100-க்கு மேல் வைத்துக் கணக்குப் போடுவது நமக்கு நாமே பொய் சொல்வது.

எங்கள் 436 கிலோவை 9.9-ஆல் வகுத்தால் ஹெச்.பி.க்கு 44 கிலோ. வேகம் 15 நாட். அதையே 15 ஹெச்.பி. இழுத்தால் 29 கிலோ, 18.5 நாட். 25 ஹெச்.பி. போட்டால் இன்ஜினே கொஞ்சம் கனம் கூடி மொத்தம் 450 கிலோ ஆகும், வேகம் 23.5 நாட். 15-லிருந்து 25-க்குப் போக ஆகும் செலவைக் கடையில் கேட்டுப் பாருங்கள், அதற்குக் கிடைப்பது ஐந்து நாட். வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்றால் நான்கு மடங்கு இன்ஜின் வேண்டும். வர்க்கமூலம் யாருக்கும் சலுகை தராது.

ஆனால் இந்தச் சூத்திரத்தில் ஒரு பொறி இருக்கிறது, நான் அதில்தான் விழுந்தேன். படகு சறுக்கத் தொடங்கிவிட்டால் எவ்வளவு வேகம் போகும் என்றுதான் அது சொல்லும். சறுக்குமா சறுக்காதா என்று சொல்லாது. எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு விடை வந்துவிடும். அனுபவத்தில் ஒரு ஹெச்.பி.க்கு 25 முதல் 30 கிலோ வரை இருந்தால் படகு தயங்காமல் எழும்பும். 40-ஐத் தாண்டினால் எல்லாம் கூடிவந்தால்தான் எழும்பும்.

தொண்டிப் பக்கம் கடல் குளம் மாதிரி கிடந்த ஒரு காலையில் முதல் ஓட்டம். நானும் தம்பியும் ஏறினோம். இரண்டு பேர் என்பதால் மொத்தம் 361 கிலோ, ஹெச்.பி.க்கு 36. திராட்டிலைத் திருகியதும் அணியம் தூக்கியது, நான்கைந்து நொடி முக்கியது, அப்புறம் பொசுக்கென்று தாழ்ந்து படகு ஓடத் தொடங்கியது. ஜி.பி.எஸ். 16 நாட் காட்டியது. வீட்டில் போட்ட கணக்கு 16.6. எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அதாவது படகின் தரையில்.

கரைக்குத் திரும்பி, பார்த்துக்கொண்டிருந்த மாமாவையும் ஏற்றிக்கொண்டோம். அவ்வளவுதான். அணியம் தூக்கியது தூக்கியபடியே நின்றது. மாமா நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு முன்னால் கடலே தெரியவில்லை, படகின் மூக்குதான் தெரிந்தது. முழுத் திராட்டில், 7 நாட். பின்னால் திரும்பிப் பார்த்தால் இடுப்பளவு அலை ஒன்று துரத்திக்கொண்டே வந்தது. இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 4,200-ஐத் தாண்டவில்லை, அது 5,000-க்கு மேல் சுற்ற வேண்டிய இன்ஜின். "என்ன மாப்ள, இன்ஜினுக்கு இழுப்பு இல்லையா?" என்றார் மாமா. இழுப்பெல்லாம் இருந்தது. 75 கிலோதான் கூடியது, ஆனால் அந்த மேட்டைத் தாண்டவிடாமல் நிறுத்த அது போதும்.

இன்ஜினை மாற்றாமலே இதைச் சரிசெய்ய முடிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. மூன்று இடத்தில் கை வைத்தோம்.

முதலில் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தோம். இன்ஜின் பின்னால். அதை ஓட்டுகிற நான் அதன் பக்கத்தில். 25 லிட்டர் பெட்ரோல் டேங்க் என் காலடியில். நங்கூரமும் கயிறும்கூட வசதிக்காகப் பின்னாலேயே. படகில் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் பாதி எடை. டேங்கை நீளமான குழாய் போட்டு நடுவுக்கு நகர்த்தினோம், நங்கூரம் அணியத்துக்குப் போனது. இன்ஜின் கைப்பிடியில் இரண்டடி பி.வி.சி. குழாயைச் செருகிக் கட்டி, நான் பின்பலகையை விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். செலவு அறுபது ரூபாய்க்குள். இதில் மட்டுமே படகு ஏறத்தாழ எழும்பப் பார்த்தது.

இரண்டாவது புரொப்பெல்லர். எங்களுடையதில் பொறித்திருந்த பிட்ச் 10 அங்குலம். தண்ணீர் கெட்டியான பொருளாக இருந்தால், ஒரு சுற்றுக்கு அது 10 அங்குலம் முன்னேறும், திருகாணி மரத்துக்குள் போவதைப் போல. தண்ணீர் வழுக்கும், அதனால் இருபது சதவீதம் போல வீணாகும். 10 அங்குலப் பிட்ச் என்பது பைக்கில் நான்காவது கியர். மேட்டில் நான்காவது கியரில் நின்றுகொண்டு இழுக்கவில்லை என்று இன்ஜினைத் திட்டினால் எப்படி? 8 அங்குலம் ஒன்றை மாட்டினோம். இன்ஜின் 5,300 சுற்றுக்குப் போனது, மூன்று பேரோடு படகு எழும்பியது, 14 நாட். இதைக் காகிதத்தில் சரிபார்க்கலாம். 5,300-ஐக் கியர் விகிதம் 2.08-ஆல் வகுத்து, பிட்ச் 8-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு இத்தனை அங்குலம் என்பதை நாட் ஆக்க 1,215-ஆல் வகுத்தால் 16.8 நாட். அதில் 17 சதவீதம் வழுக்கல் போனால் 14. இரண்டு பேர் மட்டும் போகும் நாளில் இந்தப் புரொப்பெல்லர் உச்ச வேகத்தில் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். எனக்கு அதில் வருத்தமில்லை. படகின் பயன் நிறைந்த பாரத்தோடு வீடு வந்து சேர்வதில் இருக்கிறது. இன்னொன்று, முழுத் திராட்டிலில் கம்பெனி சொன்ன சுற்றுக்கு வராத இன்ஜின் தினமும் மூச்சுத் திணறித்தான் ஓடுகிறது, சீக்கிரம் தேயும். சுற்றுமானி இல்லாமல் புரொப்பெல்லர் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது.

மூன்றாவதுதான் எனக்கே வெட்கமான விஷயம். சறுக்கும் படகுக்கு அடிப்பாகத்தின் பின்பாதி நேர்க்கோடாக இருக்க வேண்டும். பின்பலகையோடு அடிப்பாகம் சேரும் விளிம்பு கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் அங்கே பிய்ந்துகொண்டு பின்னால் போகும். விளிம்பு உருண்டிருந்தால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு பின்பலகையில் ஏறும், படகைக் கீழே உறிஞ்சும். கரண்டியின் முதுகைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் கரண்டி தண்ணீருக்குள் இழுபடுமே, அதே வேலை. நானோ, ஃபைபர் துணி மடங்கி ஒட்டுவதற்கு வசதியாக எல்லா மூலையையும் அழகாக உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தடவித் தடவிப் பார்த்து ரசித்திருந்தேன். அப்புறம் எபாக்ஸிப் பசையில் மரத்தூள் குழைத்து, பின்பலகை விளிம்பிலும் பக்க மூலைகளின் பின்பாதியிலும் திரும்பக் கூர் கட்டினோம். முன்பாதியை உருண்டையாகவே விட்டுவிட்டோம், அங்கே அதுதான் நல்லது.

விளிம்போடு இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தப்பும் உண்டு. துடுப்புப் போடும் படகின் வரைபடத்தை எடுத்துக் கட்டி, அதில் பெரிய இன்ஜினை மாட்டுவது. துடுப்புப் படகின் அடிப்பாகம் வாழைப்பழம் மாதிரி பின்னால் மேல்நோக்கி வளையும். மெதுவாகப் போக அது அருமையான வடிவம். அதன் பின்னால் 15 ஹெச்.பி. வைத்தால் படகு அந்த வளைவில் உட்கார்ந்துகொண்டு மூக்கைத் தூக்கும், எழும்பவே எழும்பாது. சில சமயம் எழும்பி, தவளை மாதிரி தாவித் தாவிப் போகும், அது இன்னும் மோசம். படம் தேர்ந்தெடுக்கும்போதே, எனக்கு வேண்டியது 5 நாட்டா 15 நாட்டா என்று முடிவு செய்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே அடிப்பாகம் நன்றாகச் செய்யாது.

எடைக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தச்சுச் சட்டங்கள் அதிகம் இல்லாமல், வெட்டிய பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் எபாக்ஸியும் ஃபைபர் துணியும் வைத்து ஒட்டும் முறையில்தான் இப்போது வீட்டுப் படகுகளில் பெரும்பாலானவை உருவாகின்றன. 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வந்த மிரர் என்ற சிறு பாய்ப்படகு இதை வீட்டு முற்றங்களுக்குக் கொண்டுபோனது. நமக்கும் இது புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் 1980-களில் பெல்ஜியத்துக்காரரான பியர் கில்லே உள்ளூர்த் தச்சர்களோடும் மீனவர்களோடும் சேர்ந்து இந்த முறையில் பிளைவுட் வள்ளங்கள் உருவாக்கினார். பருத்த மரத்தைக் குடைந்தும் பலகை தைத்தும் கட்டிய கடற்கரையில் 'தையல்' என்ற சொல்லே பழசுதான், நூல்தான் மாறியது.

இந்த முறையின் வரம் லேசான எடை. அதைக் கெடுப்பது நாமே. வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் ஒகூமே என்ற லேசான மரத்தின் பிளைவுட்டை மனத்தில் வைத்து எடை சொல்கின்றன. 8-க்கு 4 அடித் தாள், 6 மி.மீ. கனம், சுமார் 9 கிலோ. நம் கடையில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையோடு கிடைக்கும் மரைன் பிளைவுட்டில் குர்ஜன் மாதிரி கனத்த மரம் இருந்தால் அதே தாள் 13 கிலோ வரும். எட்டுத் தாள் போனால் 32 கிலோ, படகு தண்ணீரைத் தொடும் முன்பே. "எதுக்கும் இருக்கட்டும்" என்று 6 மி.மீ. கேட்ட இடத்தில் 9 போட்டால் இன்னும் 50 கிலோ. பெட்டி, பலகை, மேல்தட்டு, கூடுதலாக ஒரு சுற்று ஃபைபர். எங்கள் படகு 85 கிலோ வர வேண்டியது, 110-ல் முடிந்தது. அந்த 25 கிலோ இல்லாமல் இருந்திருந்தால், மாமாவை ஏற்றிய அன்று ஹெச்.பி.க்கு 44 கிலோ என்பது 41.5 ஆகியிருக்கும். ஆகவே இன்ஜின் கணக்கைப் போட, வரைபடத்தில் அச்சடித்த எடையை நம்பாதீர்கள். வெறும் படகு, இன்ஜின், நிரம்பிய டேங்க், நங்கூரம், லைஃப் ஜாக்கெட், குடிதண்ணீர், ஆட்கள், எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். எங்கள் கூட்டல் இதுதான். படகு 110, இன்ஜின் 50, பெட்ரோலும் டேங்கும் 21, சில்லறைச் சாமான் 30, மூன்று பேர் 225. சில்லறை என்று சொல்வது 30 கிலோவுக்கு வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

சக்தி போதாமல் போவது பணத்துக்குத்தான் கேடு. சக்தி மிஞ்சுவது ஆளுக்கே கேடு. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 20 அடிக்கு உட்பட்ட அவுட்போர்டு படகுகளுக்கு உச்சவரம்பு கணக்கிட ஒரு விதி வைத்திருக்கிறது. படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் பெருக்க வேண்டும். எங்களுக்கு 14-ஐ 4-ஆல் பெருக்க 56. கையால் பிடித்து ஓட்டும், மூலை கூரான தட்டை அடிப்படகு என்றால் 56-ல் பாதியிலிருந்து 15-ஐக் கழிக்க வேண்டும். 13 வருகிறது, அடுத்த ஐந்தின் மடங்காக 15 ஹெச்.பி. வரை போகலாம். அடிப்பாகம் வி வடிவமாக இருந்தால் 20. ஸ்டீயரிங் வைத்து, பின்பலகை 20 அங்குல உயரமும் இருந்தால் 25. ஒரே படகு, மூன்று விடை. கையால் ஓட்டுகிறவர் திடீரென்று திரும்பினால் கைப்பிடியே அவரைத் தூக்கி எறியும் என்பதால்தான் அவருக்கு வரம்பு குறைவு. நாம் அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை, ஆனால் நியூட்டனுக்குக் கட்டுப்பட்டவர்கள். இந்த எண்ணைத் தாண்டுவதாக இருந்தால் ஏன் தாண்டுகிறோம் என்று ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். அந்தச் சிவப்புச் சுருள் கயிறை, இன்ஜினை நிறுத்தும் கிளிப்பை, முழங்காலிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். 2.5 ஹெச்.பி.க்கும் இது பொருந்தும்.

பின்பலகை உயரம் பற்றி ஒரு வரி. இன்ஜின் தண்டு குட்டை என்றால் 15 அங்குலம், நெட்டை என்றால் 20. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய சமமாக வர வேண்டும். நெட்டைத் தண்டைக் குட்டைப் பலகையில் மாட்டினால் பாதி சக்தி தண்ணீரைச் சும்மா கிழிப்பதிலேயே போய்விடும். கட்டும் முன்பே இன்ஜினைப் பார்த்துவிட வேண்டிய ஒரே காரணம் இதுதான்.

இப்போது பெட்ரோல். எங்கள் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் முழுத் திராட்டிலில் மணிக்கு 4 லிட்டர் பக்கம் குடிக்கிறது. சறுக்கலில் 14 நாட் ஓடும்போது ஒரு லிட்டருக்கு 3.5 கடல் மைல். அன்றைக்கு மாமாவோடு மேட்டில் மாட்டிக்கொண்டு 7 நாட்டில் முக்கியபோதும் அதே 4 லிட்டர்தான், லிட்டருக்கு 1.75 கடல் மைல். 4.5 நாட்டில் அடக்கமாகப் போனால் மணிக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், லிட்டருக்கு ஐந்தரை மைலுக்கு மேல். மெதுவாகப் போனால் மலிவு. வேகமாகப் போனால் செலவு, ஆனால் அதற்கு வேகமாவது கிடைக்கிறது. நடுவில் போகிறவனுக்கு இரண்டும் இல்லை. 6-லிருந்து 9 நாட் வரை ஓட்டவே கூடாது என்று படகில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். தம்பி அதை மதிப்பதில்லை.

அதே இன்ஜின்தான் இன்னும் ஓடுகிறது. 15 ஹெச்.பி. ஒன்று விலைக்கு வந்தது, போன மாதம் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். அது என்னுடையதைவிட ஐந்து கிலோகூட அதிகமில்லை. நான்கு பேர் போகும் நாளில் அது வேண்டியிருக்கும், கணக்கு ஒப்புக்கொள்கிறது. ஆனால் நான்கு பேராகப் போனது இந்த வருடத்தில் இரண்டே முறை. மற்ற நாளெல்லாம் நானும் தூண்டிலும்தான், 4.5 நாட்டில்.